கர்ப்பிணியின் காலில் இரத்தக்கட்டு: புற்றுநோயின் அறிகுறியா?

கர்ப்பிணியின் காலில் இரத்தம் உறைந்தால் உடம்பில் புற்றுநோய் ஒளிந்திருக்கிறது என்றும், அதற்குப் போடும் ஊசி குழந்தையைப் பாதிக்கும் என்றும் தொண்டி முதல் பாம்பன் வரை வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தி தவறானது.

புற்றுநோயால் இரத்தம் உறையக்கூடும் என்பது மட்டும் மெய். பிரெஞ்சு மருத்துவர் துரூசோ 1865இலேயே இத்தொடர்பை எடுத்துரைத்தார். ஆனால் கர்ப்பமே போதிய காரணம்: பிரசவ இரத்தப்போக்கைச் சமாளிக்க உடல் உறைவுப் பொருள்களைக் கூட்டிக்கொள்கிறது, வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துகிறது, இதனால் உறைவு வாய்ப்பு நான்கைந்து மடங்கு உயர்ந்து பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரங்களில் உச்சமடைகிறது. இடது இடுப்புச் சிரையின் மேல் வலது இடுப்புத் தமனி குறுக்கே செல்வதால் பெரும்பாலும் இடது காலே வீங்கும். வலது கொலுசு தளர்வாயிருக்க, இடது கொலுசு மட்டும் இறுகினால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. கர்ப்பக் காலப் புற்றுநோயோ ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கே வருகிறது.

உறைந்த இரத்தம் கரையும்போது உண்டாகும் டி-டைமர் என்ற புரதத் துண்டு கூடியிருக்கும் ஆய்வகச் சீட்டைப் புற்றுநோய்க்குச் சான்றாகக் காட்டுவது இன்னும் மோசம். அது கர்ப்பத்தில் இயல்பாகவே ஏறும். இரத்த உறைவுக்குப் போடும் ஹெப்பாரின் ஊசி மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையை எட்டுவதில்லை. தாண்டுவது இரத்த உறைவைத் தடுக்கும் இன்னொரு மருந்தான வார்ஃபரின் மாத்திரை, அதனால்தான் கர்ப்பத்தில் அதைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். வீங்கிய காலை எண்ணெய் தேய்த்து உருவிவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டி இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும்; மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 108ஐ அழைக்க வேண்டும்.