எல்லாத் தழும்புக்கும் லேசர்தானா?
முகப்பருத் தழும்பு எவ்வகையாயினும் கார்பன் டை ஆக்சைடு லேசரே சிறந்தது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை அப்படியே ஏற்பதற்கில்லை. 2 மில்லிமீட்டருக்கும் குறுகிய வாயுடன், ஊசி குத்தியதுபோல் ஆழமாக இறங்கும் குழிகளின் அடிவரை லேசர் பெரும்பாலும் எட்டுவதில்லை; அவற்றுக்கு, 70 முதல் 100 சதவீதச் செறிவுள்ள டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தை மருத்துவர் குழிக்குள் மட்டும் தொட்டு வைக்கும் முறையே கூடுதலாகப் பொருந்துகிறது. அலை அலையாகத் தெரியும் பள்ளங்களிலோ, தோலை அடியிலிருந்து இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை ஊசியால் அறுத்துவிடும் சப்சிஷன் செய்யாமல் மேற்பரப்பை மட்டும் சீராக்குவதில் பயன் அதிகமில்லை. நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கு லேசருக்குப் பின் கருமை படியும் வாய்ப்பும் மிகுதி. என் தங்கைக்கு அந்தக் கருமை மங்கவே பல மாதங்கள் ஆயின, பிறகு, நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தி அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தூண்டும் மைக்ரோநீட்லிங்கில்தான் ஓரளவு மாற்றம் தெரிந்தது. செலவு குறைந்தது என்பதாலேயே அதைக் கட்டுரை இரண்டாந்தரச் சிகிச்சையாக ஒதுக்கியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.