கிளானில் சாதாரண உறுப்பினரின் சொல்லுக்கும் இடம் வேண்டும்

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற மொபைல் விளையாட்டை ஆடும் நம் பகுதி நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் ஆட்டக்காரர்கள் சேர்ந்து அமைக்கும் குழுதான் கிளான்; கிளான்கள் ஒன்றோடொன்று போர் ஆடும். நான் இருக்கும் கிளானில் பெரும்பாலோர் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள்: ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு பார்ப்பவர்கள், பர்கூரில் படிக்கும் மாணவர்கள், விடிவதற்கு முன்பே பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போய் நிற்பவர்கள். ஒரு கிளானில் 50 பேர் வரை சேரலாம். ஆனால் போருக்கு யாரை எடுப்பது, யாரை நீக்குவது, லீக் என்ற தொடர் போர் முடிந்ததும் சிலருக்கு மட்டும் கூடுதலாகக் கொடுக்கும் போனஸ் பதக்கம் யாருக்கு என்பதையெல்லாம் லீடரும் அவருக்கு வேண்டிய இரண்டு மூன்று கோ-லீடர்களும் (துணைத் தலைவர்கள்) தங்களுக்குள் பேசி முடித்துவிடுகிறார்கள். இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அண்மையில் அஞ்செட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவரை நீக்கினார்கள். லீக் போரில் ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரே அட்டாக்தான். அவர் படையை இறக்கிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் போய்விட்டது. படையின் வலுவான வீரர்களான ஹீரோக்கள் களத்துக்கு வருவதற்குள் துண்டித்துக்கொண்டதால், வெற்றிக் கணக்கில் சேரும் ஸ்டார் ஒன்றுகூட விழவில்லை. விளையாட்டின் கணக்கில் அந்த அட்டாக் முடிந்த அட்டாக்தான். மலையோர ஊர்களில் டவர் எந்த லட்சணத்தில் எடுக்கும் என்று கிளானிலேயே பலருக்குத் தெரியும், ஆனால் அவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை. மாதக்கணக்கில் கேட்டவர்களுக்கெல்லாம் படை டொனேட் செய்த அந்தத் தம்பிக்கு, நீக்கப்பட்டீர்கள் என்ற ஒற்றை வரி அறிவிப்பைத் தவிர வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

போனஸ் பதக்கத்திலும் இதே கதைதான். 2018 அக்டோபரில் வந்த கிளான் வார் லீக்கில் எட்டு கிளான்கள் ஒரு பிரிவாக நின்று ஏழு போர்கள் ஆடுகின்றன. ஏழு நாளும் தவறாமல் அட்டாக் போட்டவர் ஒதுங்கி நிற்க, தலைமைக்கு நெருக்கமானவர் பெயரே மறுபடியும் போனஸ் பட்டியலில் வந்தால், அடுத்த லீக்கில் எந்த முகத்தோடு அந்த ஒதுங்கி நின்றவரை அட்டாக் போடச் சொல்வது?

எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் போர் நடக்காது என்று லீடர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. எதிரணியின் எந்த பேஸை (ஆட்டக்காரரின் ஊரை) யார் அடிப்பது என்பதை ஒருவர் சொல்லி மற்றவர்கள் கேட்டால்தான் ஆகும், அங்கே ஓட்டெடுப்பு உதவாது. எல்லோரையும் கோ-லீடர் ஆக்கிவிடலாம் என்பதும் தீர்வாகாது. ஈவ் ஆன்லைன் என்ற இணைய விண்வெளி விளையாட்டில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற பெரும் கூட்டணியை, 2009 பிப்ரவரியில், அதன் இயக்குநர்களில் ஒருவரே எதிரணிப் பக்கம் சாய்ந்து, தன்னிடமிருந்த அதிகாரத்தைக் கொண்டே கலைத்துவிட்டார். அதே விளையாட்டில் 2008 முதல் ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டு ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். விளையாட்டை நடத்தும் நிறுவனத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் அந்த மன்றத்துக்கு இல்லை, ஆனால் ஆட்டக்காரர்களின் குறைகளை நிறுவனத்தின் முன் நேரடியாக வைக்கிறது. நான் கேட்பது இந்த வகை உரிமையைத்தான். நீக்கும் பொத்தான் லீடர் கையிலேயே இருக்கட்டும், அதை அழுத்துவதற்கு முன் எங்களையும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

ஊராட்சித் தலைவரே கிராம சபையில் வரவு செலவை மக்கள் முன் வைக்க வேண்டியிருக்கிறது. போனஸ் பட்டியலைக் கிளான் குழுவில் காரணத்தோடு வெளியிடுவதில் லீடருக்கு என்ன சிரமம்? பட்டியலை ஒரு நாள் முன்னதாகப் போட்டு, ஆட்சேபம் இருந்தால் சொல்லச் சொல்லலாம். ஒருவரை நீக்குவதென்றால் முதலில் அவரிடம் காரணம் கேட்டு, அவர் சொல்லும் பதிலை எல்லோரும் பார்க்கும்படி வைக்கலாம். தலைமையிடம் நேரில் பேசத் தயங்குகிறவர்களுக்காக, உறுப்பினர்களே தேர்ந்தெடுத்த ஒருவரை எல்டராக (கோ-லீடருக்கு அடுத்த பொறுப்பு) வைத்து, லீக்குக்கு லீக் அவரை மாற்றிக்கொள்ளலாம். எந்தக் கேள்வியானாலும் பதில் சொல்ல முழுதாக ஒரு நாள் கொடுங்கள், ஏனென்றால் நைட் ஷிப்டு முடிந்து காலையில் தூங்கப் போகிறவர் மாலையில்தான் போனை எடுப்பார்.