அந்த நேரத்தில் அடுப்பை யார் பார்த்தார்கள்?

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று நாளாக எல்லா குரூப்பிலும் சுற்றுகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். "கலெக்டருக்கும் 24 மணி நேரம்தான், உங்களுக்கும் 24 மணி நேரம்தான். அரை மணி நேரம் நடக்க முடியவில்லை என்றால் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம்" என்கிறார் அதில் ஒரு மேடைப் பேச்சாளர். கைதட்டல் பறக்கிறது.

போகட்டும். ஆனால் நேற்று எங்கள் குடும்ப குரூப்பில் என் கணவரின் அண்ணன் மகன் அதைப் போட்டு, "சித்தி, இது உங்களுக்குத்தான்" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மையும் வைத்திருந்தான். பதினாறு பேர் இருக்கும் குரூப். என் சுகர் ரிப்போர்ட் எப்போது பொதுச் சொத்தானது என்று தெரியவில்லை.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்தப் பேச்சாளர் தினமும் காலை ஐந்தரைக்கு நடக்கப் போகிறாராம். சந்தோஷம். அந்த நேரத்தில் அவர் வீட்டு அடுப்பை யார் பார்த்தார்கள்?

நான் நடந்து பார்க்காதவள் இல்லை. போன வருடம் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் (HbA1c) 8.1 என்று வந்த அன்றே ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு ஷூ வாங்கினேன். பதினொரு நாள் நடந்தேன். முதல் நாளே பக்கத்துத் தெரு அக்கா, "என்னம்மா இந்நேரத்துல? வீட்ல எதுவும் பிரச்சினையா?" என்று கேட்டார். நாய்களுக்குப் பயந்து கையில் குடையோடு போனேன். திரும்பி வரும்போது ஆறே கால். மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தானே காபி போட்டு, என் தம்ளரைத் தட்டால் மூடிவைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம். பன்னிரண்டாம் நாள், குழாயில் தண்ணீர் வரும் நேரம் காலை ஐந்து மணி என்று மாறிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் முக்கால் மணி நேரம்தான் வரும். பிடிக்க ஆள்? நான்தான். ஷூவை இப்போது மகள் பி.டி. பீரியடுக்குப் போட்டுக்கொண்டு போகிறாள்.

என் கணவர் ஏழு வருடமாக மதுரை ரேஸ்கோர்ஸில் நடக்கிறார். நல்ல மனிதர், குறை சொல்லவில்லை. நடந்து முடித்து, நண்பர்களோடு அருகம்புல் ஜூஸ் குடித்துவிட்டு ஏழு மணிக்கு வருவார். மேசையில் இட்லி இருக்கும். அவருடைய மன உறுதியைச் சொந்தபந்தமெல்லாம் பாராட்டும். அந்த மன உறுதியில் அந்த இட்லிக்கும் பங்கு உண்டு என்று ஒருவரும் சொன்னதில்லை.

"புள்ளிவிவரம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு வருவீர்கள். இருக்கிறது. மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் செலவிடுவது நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97. அந்த 97கூட வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரிதான். நாற்காலியை விட்டு எழாதவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சி. 2022 நிலவரப்படி, இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம் என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. பெண்கள் பிறவியிலேயே சோம்பேறிகள் போலிருக்கிறது!

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே?" அப்படியானால் எனக்கு ஏன் 8.1? அடுத்த ஆள் வாங்க.

"அந்தக் காலத்து அம்மாக்கள் அம்மியில் அரைத்தார்கள், நோய்நொடி இல்லை." இதைக் கேட்டால்தான் வயிறு எரிகிறது. என் அம்மாவும் அம்மியில் அரைத்தவள்தான். 56 வயதில், காலில் ஆறாத புண்ணோடு போய்ச் சேர்ந்தாள். சர்க்கரை என்று தெரிந்ததே கடைசி நான்கு மாதத்தில். அதுவரை யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, சட்டியில் ஒட்டிய சோற்றை வழித்துத் தின்றுவிட்டுப் படுப்பாள். அதே புத்திதான் எனக்கும். டாக்டர் இரண்டு இட்லி என்று எழுதினார். தட்டில் இரண்டுதான் வைத்துக்கொள்கிறேன். பையன் மிச்சம் வைத்த ஒன்றரை, மாமியார் போதும் என்று ஒதுக்கிய அரை, இதெல்லாம் யார் கணக்கு?

என் தங்கை ஒரு நகைக்கடையில் நிற்கிறாள். 'வேலை பார்க்கிறாள்' என்று எழுத வரவில்லை, நிற்கிறாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். அவள் கடையிலும் ஸ்டூல் வந்தது. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். இரவு பத்து மணிக்கு வாளி வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு இருப்பவளிடம் போய் அந்த 24 மணி நேரக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பத்தரைக்கு மேல் அரை மணி நேரம் போன் பார்க்கிறேன். அந்த நேரம் மொட்டை மாடியில் நடக்கலாமே என்றால், நடக்கலாம். நியாயம்தான். ஆனால் வீட்டில் யாரும் என்னை எதற்கும் கூப்பிடாத ஒரே அரை மணி நேரம் அது. அதையும் தூக்கிச் சுகருக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

சொந்தக்காரர்கள் கண்ணில் படாதபடி செட்டிங்கை மாற்றிவிட்டுத்தான் இதைப் போடுகிறேன். குடும்ப குரூப்பில் அவனுக்கு என்ன பதில் போட்டேன் என்று கேட்காதீர்கள். "நல்ல வீடியோ தம்பி", பக்கத்தில் ஒரு கைகூப்பும் பொம்மை.