சிமென்ட் இல்லாத இடுப்பு மூட்டு நேற்று வந்ததல்ல
செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்துவதில், "எலும்புக்கும் மூட்டுக்கும் நடுவே சிமென்ட் வைப்பது பழைய முறை, சிமென்ட் இல்லாததே புதியது, எந்த வயதினருக்கும் அதுவே நல்லது" என்கிறார்கள் சிலர். இரண்டுமே தவறு. 1950களிலேயே அமெரிக்க எலும்பு மருத்துவர் ஆஸ்டின் மூர் வடிவமைத்த, தொடை எலும்புக்குள் செருகும் உலோகத் தண்டில், எலும்பு ஊடுருவி வளர்வதற்கென்றே துளைகள் இருந்தன. பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் ஜான் சார்ன்லி சிமென்ட்டைப் பரவலாக்கியது அதற்குப் பிறகுதான்.

1970களின் இறுதியில் வந்த, நுண்துளைப் பூச்சுள்ள கோபால்ட்-குரோம் தண்டுகள் எலும்பில் நன்றாகவே பிடித்தன, பிடித்ததே வினையானது. விறைப்பான உலோகம் பாரத்தைத் தானே சுமந்துகொண்டதால் தொடை எலும்பின் மேற்பகுதி மெலிந்தது, சிலருக்குத் தொடைவலியும் வந்தது. விறைப்புக் குறைந்த டைட்டானியத்துக்கு மவுசு கூடியதற்கு இதுவும் ஒரு காரணம். எலும்பிலுள்ள கனிமத்தை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட் பூச்சு 1980களின் நடுவில் வந்தது.

வயதானவர்களின் மெலிந்த எலும்பில் சிமென்ட் இல்லாத தண்டைச் சுத்தியால் தட்டி இறுக்கும்போதே விரிசல் விழலாம். 75 வயதைத் தாண்டியவர்களுக்குப் பல மருத்துவர்கள் இன்றும் சிமென்ட் தண்டையே வைப்பது பழக்கதோஷத்தால் அல்ல.