சந்தியாகுவா, ஜேம்ஸா?

(தூத்துக்குடியில் ஒரு டீக்கடை பெஞ்ச்)

அந்தோணி: உபதேசியாரே, ஞாயிறு ஞானஸ்நானம். சின்னவனுக்கு இன்னும் பெயர் அமையவில்லை. அம்மா எங்கப்பா பெயரான சந்தியாகுவில் நிற்கிறாள். மாமனார் தன் பெயரான ஜேம்ஸில் நிற்கிறார். மூன்று நாளாக வீட்டில் உலை ஏறவில்லை.

உபதேசியார்: இரண்டும் ஒரே பெயர்தானடா!

அந்தோணி: பட்டினியில் கிடக்கிறவனிடம் விளையாடாதீர்கள்.

உபதேசியார்: எபிரேயத்தில் யாக்கோபு. கிரேக்கத்தில் வால் முளைத்து யாக்கோபோஸ், லத்தீனில் யாக்கோபுஸ். பேச்சுவழக்கில் 'பு' போய் 'மு' வந்து யாக்கோமுஸ். அது பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து போய் இறங்கும்போது ஜேம்ஸ்.

அந்தோணி: நடுவில் இருந்த 'க்கோ'?

உபதேசியார்: தேய்ந்துவிட்டது. துறைமுகத்தில் உன்னைத் 'தோணி' என்று கூப்பிடுகிறார்களே, 'அந்' எங்கே போனது?

அந்தோணி: சரி, சந்தியாகு?

உபதேசியார்: ஸ்பெயின் பக்கம் 'சாந்த் யாகோ', அதாவது புனித யாக்கோபு. சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்டு சந்தியாகோ. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார்கள், பெயரும் கூடவே வந்தது. தங்கச்சிமடத்தில் சந்தியாகப்பர் கோயில் இருக்கிறதே, அவர்தான். சிலியின் தலைநகருக்கும் 1541இல் அதே பெயரைத்தான் வைத்தார்கள்.

அந்தோணி: அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், பட்டா கேட்பாள். ஆனால் இங்கிலீஷ் பைபிளில் ஜேக்கப் வேறு, ஜேம்ஸ் வேறு ஆயிற்றே?

உபதேசியார்: முற்பிதாவுக்கு ஜேக்கப், அப்போஸ்தலருக்கு ஜேம்ஸ் என்று பிரித்தது அவர்கள். தமிழ் பைபிளில் இரண்டு பேரும் யாக்கோபுதான்.

அந்தோணி: அர்த்தம் நல்லதுதானே?

உபதேசியார்: 'குதிகாலைப் பிடிப்பவன்' என்பார்கள். முற்பிதா யாக்கோபு இரட்டையரில் இளையவன், அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்தபடியே பிறந்தான். வளர்ந்த பிறகு, பசியோடு வந்த அண்ணனுக்குப் பயற்றங்கூழ் கொடுத்து மூத்த மகன் உரிமையை எழுதாத குறையாக வாங்கிக்கொண்டான்.

அந்தோணி: ஐயோ! தம்பி எது ஊட்டினாலும் கைநாட்டு வைக்காதே என்று மூத்தவனிடம் இப்போதே சொல்லிவைக்க வேண்டும். போகட்டும், யாக்கோபு என்றே வைத்துவிடுகிறேன். இரண்டு பக்கமும் வாயை மூடும்.

உபதேசியார்: கறிக்கடை யாகூப் பாய்க்கும் சந்தோஷம்தான். அதே பெயர், குர்ஆனிலும் வருகிறது.

அந்தோணி: அப்படியா! டீக்காசு நீங்கள் கொடுத்துவிடுங்கள். பாய் கடை சாத்துவதற்குள் போய், உங்கள் பெயரைத்தான் பிள்ளைக்கு வைக்கிறோம் என்று சொல்லி, விருந்துக்குப் பத்து கிலோ கடன் வாங்கிவிடுகிறேன்.