மூன்றாம் வருடம் என்ன செய்வீர்கள்?

வீட்டுக்குப் பின்னால் நான்கு கோழி வளர்க்க ஆசை என்று சொல்பவர்கள் அடுத்து கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எந்த இனம் அதிக முட்டை இடும்?" பதில் சுலபம். வெள்ளை லெகார்ன், அல்லது முட்டைக்கென்றே உருவாக்கிய பழுப்பு நிறக் கலப்பினங்கள். தீனியும் வெளிச்சமும் சரியாக அமைந்தால் முதல் வருடத்தில் 300 முட்டையை எட்டிவிடும்.

எனக்கு அந்தக் கேள்விதான் பிடிப்பதில்லை. அது பண்ணைக்காரரின் கேள்வி. முட்டை குறையத் தொடங்கியதும் அவர் கோழிகளைக் கழித்துவிடுவார். நீங்கள் கழிக்க மாட்டீர்கள்; அதற்குள் பெயர் வைத்திருப்பீர்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் கோழி ஆறு, எட்டு வருடம் இருக்கும்.

நானும் பழுப்புக் கலப்பினத்தில்தான் தொடங்கினேன். இருபது வாரத்தில் முட்டை, ஏறக்குறைய தினமும் முட்டை, பெருமை தாங்கவில்லை. மூன்றாம் வருடம் ஒருத்தி தீனிக்கு வராமல், வாலைத் தொங்கப்போட்டு, உடம்பை நிமிர்த்தியபடி மூலையில் நின்றாள். தூக்கியபோது அடிவயிறு நீர் நிரம்பிய பைபோலக் குழைந்தது. மஞ்சள் கரு முட்டைக்குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள்ளேயே விழுந்து சீழ் பிடித்திருந்தது. எந்தக் கோழிக்கும் இது வரலாம். ஓயாமல் முட்டையிடும்படி வளர்த்தெடுத்த இனங்களை அதிகம் தாக்குகிறது. ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். அதைத் தினமும் கொடுக்கும் உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

அதனால் இப்போது நான் சொல்வது ஆஸ்ட்ராலார்ப். பெயரிலேயே ஆஸ்திரேலியா இருக்கிறது. அங்கே கறுப்பு ஆர்பிங்டன் என்ற கோழியினத்திலிருந்து வந்த இனம். 1922–23இல் ஆறு பெட்டைகள் 365 நாட்களில் 1,857 முட்டையிட்டுப் பெயர் வாங்கிக் கொடுத்தன. அந்தக் கணக்கை உங்கள் கொட்டிலில் எதிர்பார்க்காதீர்கள். 250 வந்தாலே நல்ல கோழி. சாதுவானது, வேலி தாண்டாது. லெகார்னோ ஆள் நிழல் பட்டாலே கூரைக்குப் பறக்கும். வெயிலை லெகார்ன் நன்றாகத் தாங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கறுப்பு இறகுக்காரியான ஆஸ்ட்ராலார்ப்புக்குக் கட்டாயம் நிழல் வேண்டும்.

ஓட்டின் நிறத்துக்காக இனம் தேடுபவர்களோடு நான் வாதாடுவதில்லை. உள்ளே இருப்பது ஒன்றுதான்.

அடை காக்கும் குணத்தைத்தான் யாரும் விசாரிப்பதில்லை. சில்க்கி போன்ற இனங்கள் அடிக்கடி அடைக்கு உட்காரும். கையை நீட்டினால் இறகெல்லாம் சிலிர்த்து, தொண்டைக்குள் உறுமி, ஒரு கொத்து. நெஞ்சிறகைப் பிடுங்கிப் பெட்டியில் பரப்பியிருக்கும். அந்த வெற்றுத் தோலின் சூடு விரலில் உறைக்கும். முட்டை மட்டும் போதும் என்பவருக்கு இது தொல்லை. 21 நாள் அடை, பிறகு குஞ்சு வளர்ப்பு என்று முட்டை நின்றுபோகும். குஞ்சு வேண்டும் என்பவருக்கோ பொரிப்பான் வாங்கும் வேலை மிச்சம். லெகார்னிடம் இதை எதிர்பார்க்க வேண்டாம்.

என் ஆஸ்ட்ராலார்ப் ஒருத்திக்கு இப்போது ஐந்து வயது. வாரத்துக்கு இரண்டு முட்டை. சில வாரம் அதுவும் இல்லை. இன்று காலை முக்கால் மணி நேரம் பெட்டியில் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்து ஊரைக் கூட்டுவதுபோலக் கொக்கரித்தாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். பெட்டி காலி.