தேசிக்காய் விழுந்தாலும் மூன்றாம் இடம்

மகள் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். போன கிழமை இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்து வந்தவள், சப்பாத்தைக் கழற்ற முன்னமே சொன்னாள்: "அப்பா, நாங்கள் மூன்றாம் இடம்!"

இத்தனைக்கும் அவள் ஒன்றிலும் வெல்லவில்லை. கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடும் போட்டியில் பாதி வழியில் தேசிக்காய் உருண்டுபோய், தேடி எடுத்து, கடைசி ஆளாகத்தான் போய்ச் சேர்ந்தாள். மூன்றாம் இடம் வந்தது அவளுடைய பாரதி இல்லம். இல்லம் என்பது எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் கலந்து பாடசாலை பிரிக்கும் அணி. மொத்தம் மூன்றே இல்லங்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வகுப்பில் பக்கத்தில் இருக்கும் சிநேகிதி வள்ளுவர் இல்லம். பாரதியில் இவளுக்குக் கூட்டு ஐந்தாம் ஆண்டு அக்காமாரும் முதலாம் ஆண்டு வாண்டுகளும். அணிநடைப் பயிற்சியில் ஒரு சின்னவனுக்கு இடக்கால் வலக்கால் பிடிபடவே இல்லையாம். ஓர் அக்கா அவனுடைய இடது மணிக்கட்டில் நீல ரிபன் கட்டி, "ரிபன் பக்கத்துக் காலை முதல் தூக்கு" என்றாளாம். அதன்பிறகு அவன் ரிபனைப் பார்த்துக்கொண்டே நடந்து முன்னால் போனவரோடு மோதினான் என்பது வேறு கதை. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த யோசனையை யார் சொல்லிக் கொடுத்தது? வகுப்பறையில் அவளுக்கு அப்படி ஒரு தேவையே வந்திருக்காது.

இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் உண்மையாகவே தனித்தனி வீடுகளில் தங்கிப் படித்தார்கள். "இல்லம்" என்ற பெயர் அங்கிருந்து வந்தது. எங்களிடம் வீடு இல்லை, பெயரும் கொடியும்தான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் 2024இல் "மகிழ் முற்றம்" என்று தொடங்கி, குறிஞ்சி, முல்லை என ஐந்திணைப் பெயர்களில் குழுக்கள் அமைத்தார்கள். நல்ல பெயர்கள்.

இலங்கையில் எங்கள் ஆரம்பப் பாடசாலைகளுக்கு இது கூடுதலாகவே தேவை. ஐந்தாம் ஆண்டில் புலமைப்பரிசில் பரீட்சை. 200 புள்ளி, அதற்கொரு வெட்டுப்புள்ளி. அங்கே ஒரு பிள்ளையின் புள்ளி அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான். இல்லத்தில் ஒருவர் எடுக்கும் புள்ளி எல்லாருக்கும் சேர்கிறது. கணக்கில் தடுமாறுகிற பிள்ளை சாக்கோட்டத்தில் முதலாவதாக வந்தால் முழு இல்லமும் அவனைத் தூக்கிக் கொண்டாடும்.

எனக்குள்ள கோபம் இரண்டு. ஒன்று, இல்ல அலங்காரம், அதாவது போட்டி நாளில் ஒவ்வொரு இல்லமும் தன் கூடாரத்தைச் சோடிப்பது. பெற்றோர் காசு சேர்த்து, ஆள் பிடித்து, இரவிரவாகக் கட்டுகிறார்கள். பிள்ளைகள் அடுத்த நாள் வந்து பார்க்கிறார்கள். யாருடைய போட்டி அது? மற்றது, ரியூஷனைக் காட்டி ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பயிற்சிக்கு விடாமல் மறிப்பது. பெரியவர்களை எடுத்துவிட்டால், சின்னவனுக்கு ரிபன் கட்ட யார் இருப்பார்கள்?

சரி, இப்போது வீட்டில் ஒரு கரண்டியைக் காணவில்லை. முற்றத்தில் அடிபட்ட தேசிக்காய்கள் நாலைந்து கிடக்கின்றன. மனைவி என்னைத்தான் பேசுகிறாள்.